இரைக்கும் குதிரைக்கு முதல் மருந்து லாயத்துக் காற்று

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குதிரை இருமுவதற்கென்றே ஒரு பருவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய பழைய படப்பின் அடி வைக்கோலைப் பிடுங்கிப் போடத் தொடங்கும் நாளில் அது ஆரம்பிக்கும். தை அறுப்பு முடிந்து புது வைக்கோல் வீடு சேரும்வரை நீளும். சரியாக அதே சமயத்தில்தான் தை முகூர்த்தங்கள், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலங்கள், பொங்கலை ஒட்டிய வண்டிப் பந்தயங்கள் என்று குதிரைக்கு வேலை குவியும். இருமுகிற குதிரைக்கு ஓர் ஊசி, இரண்டு நாள் ஓய்வு, மூன்றாம் நாள் மறுபடி வண்டி. இருமல் அடங்கிவிட்டால் "சளி பிடித்திருந்தது" என்கிறோம். திரும்பி வந்தால் "இதற்கு நெஞ்சு பலம் போதாது" என்கிறோம். பெரும்பாலும் இரண்டுமே சரியில்லை. அந்தக் குதிரைக்கு வந்திருப்பது சளியாக இருக்காது. பிறவிக் குறையாகவும் இருக்காது. அது நிற்கும் கொட்டகையும் தின்னும் வைக்கோலும் கொடுத்த நோயாக இருக்கும். அதை ஊசியால் சில நாள் அடக்கி வைக்கலாம். கொட்டகையும் தீவனமும் மாறாமல் ஆற்ற முடியாது.

ஏன் இந்தப் பிராணிக்கு மட்டும் தூசி இவ்வளவு கெடுதல் செய்கிறது? குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. அதன் மெல்லண்ணம் நீளமாக இறங்கிக் குரல்வளையை அணைத்தபடி உட்கார்ந்திருப்பதால், வாய்க்கும் மூச்சுப் பாதைக்கும் நடுவே ஒரு சுவர் போல ஆகிவிடுகிறது. நாய் வாயைத் திறந்து இரைக்கும், மாடு நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும். குதிரைக்கு மூக்கை விட்டால் வேறு வழியில்லை. 450 முதல் 500 கிலோ எடையுள்ள குதிரை சும்மா நிற்கும்போதே ஒரு மூச்சில் ஏறக்குறைய 5 லிட்டர் காற்றை இழுக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் நிமிடத்துக்கு 1,500 லிட்டரைத் தாண்டும். அப்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று காலும் நெஞ்சும் ஒரே தாளத்தில் ஓடும். அவசரத்துக்குக் கூடுதலாக ஒரு மூச்சு திருடிக்கொள்ள இடமில்லை. மூச்சுக்குழாயின் உட்சுவர் கொஞ்சம் வீங்கினாலும் அது ஓட்டத்தில் தெரியும்.

இன்னொன்று, குதிரை தலையைத் தாழ்த்தி மேயப் பிறந்த பிராணி. நாளின் பெரும்பகுதி தலை கீழே இருக்கும்போது, மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் சரிவில் வடிந்து மூக்கு வழியே வெளியேறிவிடும். தலையை உயரக் கட்டினாலும், தீவனத்தை நெஞ்சுயரத் தொட்டியில் வைத்தாலும், அந்த வடிகாலை நாமே அடைத்தவர்களாகிறோம்.

முதலில் எண்ண வேண்டியது

ஐயனாருக்குப் புரவி எடுக்கும் ஊர்களில் மண்குதிரையின் மூக்குத் துவாரத்தை எப்போதும் விரித்தே வனைவார்கள். ஓடிவரும் குதிரையின் மூக்கு அது. உயிருள்ள குதிரை நிழலில் சும்மா நிற்கும்போது மூக்கு அப்படி விரிந்திருந்தால் அதற்குக் காற்று போதவில்லை என்று பொருள்.

மூச்சை எண்ண, குதிரை உங்களைக் கவனிக்காத தூரத்தில் நின்று விலாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கவும். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16. வைகாசி மதியத்தில் கொஞ்சம் கூடும் என்பதால் விடியற்காலை எண்ணுவதே நம்பகமானது. நோயில்லாத நாளில் ஒரு வாரம் எண்ணி எழுதி வைத்தால் உங்கள் குதிரையின் சொந்தக் கணக்கு கிடைத்துவிடும். நாடியைத் தாடை எலும்பின் அடியில் ஓடும் தமனியில் பார்க்கலாம். 28 முதல் 44.

காய்ச்சலைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் எண்ணெய் தடவி, மறுமுனையில் ஒரு நூலும் கிளிப்பும் கட்டி வாலில் மாட்டிக்கொண்டு, குதிரையின் பக்கவாட்டில் நின்று ஆசனவாயில் செலுத்திப் பார்க்க வேண்டும். நூல் இல்லாவிட்டால் கருவி உள்ளே போய்விடும். 99.5 முதல் 101.3 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. வெயிலில் நின்ற குதிரையையோ ஓடி வந்த குதிரையையோ அளந்து காய்ச்சல் என்று முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது மூக்கு. இரண்டு துவாரத்திலும் ஒழுகினால் கோளாறு தொண்டைக்குக் கீழே, நுரையீரல் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே துவாரத்தில் நாற்றத்தோடு சீழ் வந்தால் பெரும்பாலும் மேல் கடைவாய்ப் பல்லின் வேர் அழுகி, முகத்து எலும்பறைக்குள் சீழ் தேங்கியிருக்கும். அதற்கு நெஞ்சு மருந்து எத்தனை கொடுத்தாலும் வீண். பல்லைப் பார்க்க வேண்டும். தீவனத்தின் பச்சை நிறத்தோடு உமிழ்நீர் மூக்கில் வழிந்தால் உணவுக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது தண்ணீரோ எண்ணெயோ ஊற்றாமல், தீவனத்தை எடுத்துவிட்டு, தலையைத் தாழவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதல் கிளைவழி. காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தால் தொற்று என்று எண்ணி அன்றைக்கே குதிரையைத் தனியே கட்டுங்கள். காய்ச்சல் இல்லாமல், நன்றாகத் தின்றுகொண்டே, வாரக்கணக்கில் இருமினால் அது பெரும்பாலும் குதிரை ஆஸ்துமா. நம் பேச்சில் இரைப்பு.

இரைப்பு: வைக்கோலும் கொட்டகையும்

மனித ஆஸ்துமாவைப் போலவே, உள்ளே போகும் நுண்தூசிக்கு மூச்சுக்குழாய் அளவுமீறி எதிர்வினை செய்வதுதான் இந்த நோய். குழாயைச் சுற்றிய தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி கட்டியாகும். இந்த மூன்றில் தசை இறுக்கத்தை மட்டுமே உடனடி மருந்து தளர்த்துகிறது. மற்ற இரண்டும் வாரக்கணக்கில்தான் வடியும். தூசியில் மோசமானது, ஈரம்பட்டுச் சூடேறிய வைக்கோலில் வளரும் பூஞ்சையின் வித்துகள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை அவற்றில் முக்கியமானது. அந்த வித்துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நேராக நுரையீரலின் நுனிக் கிளைகள்வரை போய்விடும் அளவுக்குச் சிறியவை.

லேசான நிலை எந்த வயதிலும் வரும். வேலை தொடங்கியதும் நாலைந்து இருமல், ஓட்டத்தில் முன்பிருந்த வேகம் இல்லாமை, வேலை முடிந்தபின் மூக்கு நுனியில் வெள்ளைச் சளி, இவ்வளவுதான் தெரியும். இந்தக் கட்டத்தில் இடத்தை மாற்றினால் முழுக்க மீள வாய்ப்பு உண்டு. முற்றிய நிலை பெரும்பாலும் 7 வயதுக்கு மேல். நிழலில் நிற்கும்போதே மூச்சு 20, 30 என்று ஏறும். காற்றை வெளியே தள்ள வயிற்றுத் தசை இரண்டாம் தடவை எக்கும். இப்படி மாதக்கணக்கில் எக்கி எக்கி, விலா எலும்புகளின் பின்னோரத்தை ஒட்டிச் சாய்வாக ஒரு பள்ளக்கோடு விழுந்துவிடும். அந்தக் கோடு விழுந்த குதிரையை நல்ல நிலையில் வைத்திருக்கலாம். நோயே இல்லாத குதிரையாக்க முடியாது. வாங்கப் போகிறவர்கள் விலா ஓரத்தைப் பார்க்காமல் சுழியை மட்டும் பார்த்துவிட்டு வருவது வேதனையான விஷயம்.

வைக்கோலைச் சோதிக்கக் கருவி வேண்டாம். கட்டின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, வெயில் சாய்ந்து விழும் இடத்தில் கறுப்புத் துணிமேல் இரண்டு தட்டு தட்டுங்கள். சாம்பல் நிறத்திலோ வெள்ளையாகவோ புகைபோல் கிளம்பினால் குதிரைக்கு ஆகாது. முகர்ந்தால் புது வைக்கோல் இனிப்பாக மணக்கும். கெட்டது மக்கல் வாசனை அடிக்கும். இப்போது இயந்திர அறுப்புக்குப் பின் வயலிலேயே உருளைக் கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். பனி உலராத காலையில் கட்டிய கட்டு வெளியே பொன்னிறமாக இருந்துகொண்டு உள்ளே பூத்துப்போயிருக்கும். பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அத்தகைய வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம்; பூஞ்சை அதன் வயிற்றையும் கெடுக்கும்.

நல்ல வைக்கோலிலும் தூசி உண்டு. அதனால் இரைப்புக் குதிரைக்கு உலர்ந்த வைக்கோல் போடுவதை நிறுத்த வேண்டும். அருகம்புல், கோ-4 புல் போன்ற பச்சைத் தீவனம் கிடைக்கும் காலமெல்லாம் அதுவே நல்லது. வைக்கோல்தான் என்றால், தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி 30 நிமிடம் ஊறவிட்டு, வடித்து, ஈரமாகவே போட வேண்டும். மேலே தண்ணீர் தெளிப்பது போதாது. கட்டின் உள்ளே காய்ந்தே கிடக்கும். ராத்திரி முழுக்க ஊறப்போடுவதும் தவறு. நம் ஊர் உஷ்ணத்தில் அந்தத் தண்ணீரில் கிருமி பெருகும், சத்தும் கரைந்துபோகும். ஊறவைத்த தண்ணீரை ஒவ்வொரு தடவையும் கொட்டிவிட வேண்டும். போட்ட வைக்கோலில் மிச்சம் இருந்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும்.

கொள்ளுப்பையை மறந்துவிடுகிறோம். காய்ந்த தவிட்டையும் உடைத்த கொள்ளையும் பையில் போட்டு முகத்தில் கட்டினால், குதிரை இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அந்தத் தவிட்டுத் தூசியின் வழியாகத்தான் போகும். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ, தவிட்டைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்துக்குப் பிசைந்தோ, ஓரடி உயரத்துக்கு மேற்படாத அகலத் தொட்டியில் வையுங்கள். வெறும் தரையில் கொட்டினால் செம்மண்ணையும் மணலையும் சேர்த்துத் தின்று வயிற்றுவலி வரும்.

இனி கொட்டகை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகளை ஒரே நேர்கோட்டில் வைத்து, நடுவில் வளவை, அதாவது உள்முற்றத்தை, வானத்துக்குத் திறந்துவிட்டுக் கட்டிய வீடுகள் நிறைந்த மண் இது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும், சூடான காற்று மேலே எழும்பி வெளியேற வேண்டும் என்பது கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தது. குதிரைக்குத் தேவையும் அதே இரண்டுதான். ஆனால் இன்று அதற்குக் கிடைப்பது மூன்று பக்கம் அடைத்த, தலைக்கு மேல் எட்டடியில் தகரம் போட்ட ஷெட். ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி, சின்னக் குதிரைக்கு 10 அடிக்கு 10 அடி இடம் வேண்டும். கூரை உச்சி 12 அடிக்குக் குறையக் கூடாது, உச்சியில் புகைபோக்கி போலத் திறப்பு இருக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் குதிரையின் மூக்கு மட்டத்திலும் அதற்கு மேலும் காற்று வழி இருக்க வேண்டும். இருக்கும் ஷெட்டை இடிக்க முடியாது என்றால், காற்று வரும் திசைக்கு எதிரே உள்ள சுவரின் மேற்பாதியை எடுத்துவிட்டுக் கம்பி போட்டாலே பெரிய மாற்றம் தெரியும்.

மூத்திர வாடை கண்ணைக் கரித்தால் அம்மோனியா கூடிவிட்டது. நின்றபடி முகர்ந்தால் தெரியாது. குதிரை தின்னும்போது அதன் மூக்கு இருக்கும் உயரத்துக்கு, முழங்கால் மட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். ஈரப் படுக்கையைத் தினமும் அள்ளுவதும், தரையைப் பின்பக்கம் சரித்து வடிகால் வெட்டுவதும்தான் இதற்கு வழி. படுக்கைக்குப் புதுவயல் ஆலைகளிலிருந்து உமியை மலிவாக ஏற்றி வருகிறார்கள். சலித்து, தண்ணீர் தெளித்துப் பரப்பினால் பாதகமில்லை. அப்படியே கொட்டினால் முதல் இரண்டு நாள் கொட்டகை முழுக்க உமித்தூள்தான் பறக்கும். கொட்டகையைப் பெருக்குவது குதிரை வெளியே நிற்கும்போது மட்டும். பெருக்கி ஒரு மணி நேரம் கழித்தே உள்ளே கட்ட வேண்டும். வைக்கோல் படப்பு லாயத்துக்குக் காற்று வரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கொசுவுக்குப் போடும் வேப்பிலை மூட்டம் மனிதருக்கு நல்லெண்ணம், குதிரையின் நுரையீரலுக்கு நெருப்புத்தான். அடைத்த கொட்டகையில் மூட்டம் வேண்டாம்; வலையோ மின்விசிறியோ போதும். ஊர்வலத்தில் சரவெடிப் புகைக்குள் குதிரையை நிறுத்துவதும் இதே கெடுதல்தான். வெடி ஓயும்வரை காற்று வரும் பக்கம் ஐம்பது அடி தள்ளி நிறுத்தலாம். எந்தக் கல்யாண வீட்டாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவும் செய்தால் லேசான இரைப்பு பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். ஆனால் முற்றிய குதிரைக்கு ஒரே ஒரு நாள் கெட்ட வைக்கோல் போட்டாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் நோய் திரும்பிவிடும். "ஒரு நாள்தானே" என்பது இந்த நோயில் செல்லாது.

மருந்தைப் பற்றி. வீக்கத்தை வடியவைப்பது ஸ்டீராய்டு: அவசரத்துக்கு டெக்சாமெத்தசோன், தொடர்ந்து கொடுக்கப் பிரெட்னிசோலோன். மாத்திரை வாங்கும்போது பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிரெட்னிசோன் என்ற நெருங்கிய பெயருள்ள மருந்து குதிரையின் உடலில் சரியாக ஏறாது. மனிதருக்கு வேலை செய்வது இங்கே வேலை செய்யாது. பிரெட்னிசோலோன் வழக்கமான அளவு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், காலையில் ஒரு வேளை, பிறகு படிப்படியாகக் குறைப்பு. 300 கிலோ குதிரைக்கு இது 300 முதல் 600 மில்லிகிராம். மனித மாத்திரை இரண்டைக் கரைத்துக் கொடுத்து மருந்து பலிக்கவில்லை என்பதில் அர்த்தமில்லை. எடை தெரியாவிட்டால், முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறையக் கிலோ கிடைக்கும். நெஞ்சு 155, நீளம் 145 என்றால் சுமார் 293 கிலோ. ஆனாலும் அளவையும் நாட்களையும் கால்நடை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஸ்டீராய்டு குளம்பு அழற்சியைக் கிளப்பக்கூடும். கொழுத்த குதிரைக்கும், முன்பு குளம்பு நோய் வந்த குதிரைக்கும் ஆபத்து கூடுதல். காய்ச்சலோடு தொற்று இருக்கும்போது கொடுத்தால் உடலின் எதிர்ப்பு படுத்துவிடும்.

குழாயைத் திறக்கும் மருந்துகள் வேறு. சால்புடமால், கிளென்புடரால் இரண்டும் இறுகிய தசையைத் தளர்த்தும். சால்புடமால் இழுப்பானைக் குதிரையின் ஒரு மூக்குத் துவாரத்தில் பொருந்தும் குவளை வழியே கொடுக்கலாம். சில நிமிடத்தில் மூச்சு இலகுவாகும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் பலன் தேயும். வீக்கத்தைக் குறைக்காமல் இவற்றை மட்டும் வாரக்கணக்கில் கொடுத்தால் உடல் பழகிப்போய் மருந்து வேலை செய்வதை நிறுத்திவிடும். அதைவிட மோசம், குழாய் திறந்திருப்பதால் தூசி இன்னும் ஆழமாகப் போகும். இரைப்புக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. அது கிருமி நோயல்ல. இருமுகிற எல்லாக் குதிரைக்கும் ஆன்டிபயாடிக்கும் டெக்சாவும் சேர்த்துப் போடும் பழக்கத்தில், எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போவதுதான் நடக்கிறது.

கொட்டத்தால் ஊற்றுவது

மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் கொட்டத்தைக் குதிரைக்கு எடுக்கவே கூடாது. தலையைத் தூக்கிப் பிடித்து, நல்லெண்ணெயோ கஷாயமோ ஊற்றினால் குதிரை விழுங்காமல் வாயில் தேக்கும். அடுத்த மூச்சில் புரையேறி நுரையீரலில் இறங்கும். எண்ணெய் போன இடத்தை நுரையீரலால் சுத்தம் செய்ய முடியாது. அன்று ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் காய்ச்சல், வேகமான மூச்சு, மூக்கில் நாற்றமுள்ள சீழ் என்று நிமோனியா தலைகாட்டும். இப்படி வரும் நிமோனியாவில் பிழைப்பவை குறைவு. வயிற்றுவலிக்கு எண்ணெய் தேவை என்றால், மருத்துவர் மூக்கு வழியே வயிற்றுக்குள் குழாய் விட்டு, குழாய் வயிற்றில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே ஊற்றுவார். வீட்டில் கொடுக்கும் மாத்திரையைப் பொடித்து வெல்லப்பாகிலோ பிசைந்த தவிட்டிலோ வையுங்கள். அல்லது ஊசியில்லாத சிரிஞ்சில் குழைத்து, வாயோரத்தில் நாக்கின்மேல் சிறிது சிறிதாகத் தடவி, தலை தன் இயல்பான உயரத்தில் இருக்கும்படி விடுங்கள்.

வியர்க்காத குதிரை

வடக்கேயிருந்து கொண்டுவரும் பெரிய குதிரைகளில் சில, இங்கே ஒரு கோடையைக் கண்டதும் வியர்ப்பதை நிறுத்திவிடும். வெக்கையும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் இது அறிந்த நோய். பிடரிமயிரின் அடியிலும், சேணம் அழுந்தும் இடத்திலும், பின்தொடைகளின் நடுவிலும் மட்டும் கொஞ்சம் ஈரம். மற்ற உடம்பு காய்ந்து கிடக்கும். உடல் சூட்டை வெளியேற்ற மூச்சைத் தவிர வேறு வழியில்லாமல் நிமிடத்துக்கு 60, 80 என்று இரைக்கும். பார்ப்பவர்கள் நுரையீரல் நோய் என்று நினைத்து ஸ்டீராய்டு போடுவார்கள்.

பிரித்தறிவது சுலபம். காய்ந்த உடம்போடு வேகமாக மூச்சு வாங்கி, தெர்மாமீட்டர் 104ஐத் தொட்டால், நிழலுக்குக் கொண்டுபோய்த் தலையிலிருந்து வால்வரை குளிர்ந்த தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றி, பக்கத்தில் மின்விசிறி வையுங்கள். அரை மணி நேரத்தில் சூடும் மூச்சும் சேர்ந்து இறங்கினால் கோளாறு சூட்டில்தான். சூடு இறங்கியும் மூச்சு இறங்காவிட்டால் நுரையீரலைச் சந்தேகிக்க வேண்டும். சூடான குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஜன்னி காணும் என்று தடுப்பவர்கள் உண்டு; அந்தப் பயத்தில் சாகும் குதிரைதான் உண்டு. வியர்க்காத குதிரைக்கு வேலை விடியற்காலை 4 முதல் 7 மணிக்குள் முடிந்துவிட வேண்டும். நாளுக்கு 25 கிராம் அளவில் உப்பைத் தீவனத்தில் கலந்து, தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கப் பாருங்கள். குளிர்ந்த மாதங்களில் பலவற்றுக்கு வியர்வை திரும்பும். அடுத்த கோடையில் நோயும் திரும்பும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

சந்தையிலிருந்து ஏறிவரும் நோய்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் மார்வாரி, கத்தியவார், நுக்ரா என்று பல ஊர்க் குதிரைகள் ஒன்றாக நிற்கும். அங்கே வாங்கி ஓர் இரவில் லாரியில் இங்கே கொண்டுவரும்போது இரண்டு ஆபத்துகள் கூடவே ஏறுகின்றன.

ஒன்று பயணத்திலேயே இருக்கிறது. தலையை உயரக் கட்டிய குதிரையின் மூச்சுக்குழாயில் சளி வடியாமல் தேங்கும். சில மணி நேரத்திலேயே கிருமி பெருகத் தொடங்கும். கயிற்றை, தலை தாழும் அளவுக்குத் தளர்வாகக் கட்ட வேண்டும். 4 மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, 30 நிமிடம் தலையைத் தரையருகே விட்டு, தண்ணீரும் புல்லும் காட்ட வேண்டும். வந்து சேர்ந்தபின் மூன்று நாள் வேலை கூடாது. காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்க வேண்டும். இதில் கோட்டை விட்டால் வருவது நுரையீரலும் அதைச் சுற்றிய உறையும் சேர்ந்து சீழ்பிடிக்கும் நோய். குதிரை நடக்கத் தயங்கும், முன்கால் முட்டிகளை வெளிப்பக்கம் அகட்டி நிற்கும், விலாவை அழுத்தினால் முனகும். கால்பிடிப்பு, வயிற்றுவலி என்று நினைத்துக் காலம் கடத்துவது இங்கேதான். நெஞ்சில் நீர் கோத்துவிட்டால் ஊசி குத்தி வடிக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் வேண்டும்.

இரண்டாவது ஆபத்து தொண்டைக்கட்டி. மருத்துவர்கள் ஸ்ட்ராங்கிள்ஸ் என்பார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வி என்ற பாக்டீரியாவால் வருவது. கிருமி ஏறி 3 முதல் 14 நாளில் காய்ச்சல், பிறகு மஞ்சள் சீழாக மூக்கொழுகல், தாடைக்கடியில் கட்டி. காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று நாள் கழித்தே குதிரை கிருமியை வெளியேற்றத் தொடங்கும் என்பதுதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு: தினம் இருமுறை காய்ச்சல் பார்ப்பவர், அடுத்த குதிரைக்குத் தொற்றுவதற்கு முன்பே பிரித்துவிடலாம். எனவே புதுக்குதிரை எதுவானாலும் 21 நாள் தனி இடம், தனி வாளி, தனித் துடைப்பம். அதைக் கடைசியில் பராமரித்துவிட்டுக் கை கழுவ வேண்டும். எல்லாக் குதிரையும் வாய் வைக்கும் தண்ணீர்த் தொட்டிதான் பெரிய பாலம். இந்தக் கிருமி தண்ணீரில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பழுக்க விட வேண்டும். மருத்துவர் கீறிச் சீழை வடித்த பிறகு, நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவ வேண்டும். கட்டி பழுக்காமல் இருக்கும்போது பெனிசிலின் போட்டால் தற்காலிகமாக அடங்கி, மருந்தை நிறுத்தியதும் மறுபடி கிளம்புவது உண்டு. மூச்சுத் திணறும் அளவுக்கு வீங்கினால் மட்டும் தாமதிக்காமல் ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் துளையிடுதல். குணமான குதிரை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம், சில ஆறு வாரம் வரை கிருமியை வெளியேற்றும். தொண்டையின் மேல்பக்கம் உள்ள காற்றுப் பையான தொண்டைப் பையில் சீழ் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நோயைச் சுமப்பவையும் உண்டு.

குதிரைக் காய்ச்சல் எனும் இன்ஃபுளுயன்ஸா இதைவிட வேகமானது. 2008இல் ஜம்மு-காஷ்மீரின் கட்ராவில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது நினைவிருக்கும். ஒன்று முதல் மூன்று நாளில் கொட்டகை முழுக்க வறட்டு இருமல் கேட்கும். இதற்கு மருந்து ஓய்வுதான்: காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம், எப்படியும் மூன்று வாரத்துக்குக் குறையாமல். சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் மறுபடி முளைக்க அவ்வளவு காலம் ஆகிறது. தடுப்பூசி உண்டு, முதல் ஊசிக்குப் பின் 4 முதல் 6 வாரத்தில் இரண்டாவது, அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

கிளாண்டர்ஸ் வேறு ரகம். பிசின்போல ஒட்டும் மூக்குச்சீழ், மூக்கின் நடுச்சுவரில் புண், காலின் உள்பக்கம் மணிமணியாகக் கட்டிகள் என்று கண்டால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மனிதரையும் கொல்லும் நோய் அது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்; இரத்தம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் சோதிக்கப்படும். சிகிச்சை கிடையாது, உறுதியானால் குதிரையை வலியில்லாமல் முடித்துவிடுவார்கள், உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. மறைத்து விற்பவர், வாங்குபவரின் குழந்தைகள்வரை ஆபத்தில் தள்ளுகிறார்.

கழுதையோடு சேர்ந்து மேயும் குதிரைக்கு நாள்பட்ட இருமல் இருந்தால் நுரையீரல் புழுவையும் நினைக்க வேண்டும்; கழுதை நோயைக் காட்டாமலே புழுவைச் சுமக்கும். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் ஐவர்மெக்டின் போதும், இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஆறு மாதக் குட்டி காய்ச்சலோடு வேகமாக மூச்சு வாங்கினால் மண்தூசியில் வாழும் ரோடோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். குட்டிகளில் அது நுரையீரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் என்பதால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பந்தயத்துக்குப் பின் மூக்கில் இரத்தம் கசிந்தால் நுரையீரலின் நுண்குழாய்கள் அழுத்தம் தாங்காமல் வெடித்திருக்கும். ஓய்வு கொடுத்து, உள்நோக்கிக் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா நிற்கும்போது கொட்டினால் அது தொண்டைப் பையின் தமனியாக இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஈறு நீலம் பாய்ந்தாலும், மூச்சு 40க்கு மேல் போய் நிழலிலும் இறங்காவிட்டாலும் அப்படித்தான். 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியைக் கூப்பிடலாம். உள்நோக்கிச் சோதனையும் நெஞ்சு ஸ்கேனும் தேவைப்படும் குதிரையை எங்கே கொண்டுபோவது என்று உள்ளூர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. ஒரத்தநாட்டிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

மறுபடி வண்டியில் பூட்டுவதற்கு அவசரப்படாதீர்கள். இருமல் நின்று, விடியற்கால மூச்சு ஏழு நாள் தொடர்ந்து பழைய கணக்கில் நின்ற பிறகு, முதல் வாரம் கையில் பிடித்து 20 நிமிட நடை, காலையும் மாலையும். இரண்டாம் வாரம் வெறும் வண்டி, நடை மட்டும். மூன்றாம் வாரம் ஐந்து நிமிட ஓட்டம், இடையிடையே நடை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து 15 நிமிடத்தில் மூச்சை எண்ணுங்கள்: 30க்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால், அல்லது ஓட்டத்தின் தொடக்கத்தில் ஓரிரண்டு இருமல் கேட்டால்கூட, முந்தைய வாரத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.